பாடம் 9: அப்பத்தாவின் சுங்குடிப் போர்வை

உங்கள் வீட்டில் யாருமே உடுத்தாத, ஆனால் யாருமே தூக்கிப் போடாத துணி ஏதாவது இருக்கிறதா? அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள். அலமாரியின் மேல்தட்டிலோ, கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியிலோ கண்டிப்பாக ஒன்றாவது இருக்கும்.

எங்கள் வீட்டில் ஆறு இருந்தன. ஆறும் என் அப்பத்தாவின் சேலைகள். அப்பத்தா என்றால் அப்பாவின் அம்மா. மதுரைப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். உங்கள் வீட்டில் பாட்டி, அப்பாயி, அப்பம்மா என்று வேறு மாதிரி கூப்பிடலாம். அதே போல, சிலர் வீட்டில் புடவை. எங்கள் வீட்டில் சேலை. இரண்டும் ஒன்றுதான்.

நானும் உங்களைப் போலத்தான். நியூ ஜெர்சியில், எடிசனில் வளர்ந்தேன். தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுதிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கோடை விடுமுறையில் மதுரைக்குப் போவோம். ராத்திரி வீட்டுக்குள் புழுக்கமாக இருக்கும். எல்லோரும் மொட்டை மாடியில் படுப்போம். அப்பத்தா ஒரு பழைய சேலையை நாலாக மடித்து விரிப்பார். இன்னொன்றை எங்கள் மேல் போர்த்திவிடுவார். கடையில் வாங்கிய எந்தப் போர்வையும் எனக்கு அவ்வளவு மெத்தென்று இருந்ததில்லை. நூறு தடவை துவைத்த பருத்தித் துணி அப்படித்தான் இருக்கும்.

2017-ல் அப்பத்தா இறந்துபோனார். அத்தை ஆறு சேலைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். நான் அதை ஃப்ரீமான்ட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அவ்வளவுதான். ஏழு வருடம் அந்தப் பையை நான் பிரிக்கவே இல்லை.

முடிச்சுப் போட்ட புள்ளிகள்

அந்தச் சேலைகள் எல்லாம் மதுரைச் சுங்குடி. சுங்குடியில் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளி எப்படி வந்தது தெரியுமா? யாரும் வரையவில்லை. துணியை விரல் நுனியால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால், அந்த இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு! மதுரையில் இந்த வேலையைச் செய்தவர்கள் சௌராஷ்டிர மக்கள். பல நூறு வருடங்களுக்கு முன்னால் மேற்கு இந்தியாவிலிருந்து தெற்கே வந்து குடியேறியவர்கள் அவர்கள். இப்போது கடையில் விற்கும் சுங்குடியில் நிறைய அச்சடித்த புள்ளிதான். திருப்பிப் பார்த்து, தடவிப் பார்த்து வாங்க வேண்டும் என்று அப்பத்தா சொல்வார்.

மதுரையில் எனக்குப் பிடித்த இடம் புதுமண்டபம். மீனாட்சி அம்மன் கோவிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய கல் மண்டபம். பெயர்தான் புது, கிட்டத்தட்ட நானூறு வருடம் பழசு! நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கல் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து மெஷினை மிதிப்பார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வேஷம் போடுகிறவர்களுக்கான உடையெல்லாம் அங்கேதான் தைப்பார்கள். கீழே பச்சையும் சிவப்புமாக வெட்டுத்துணி குவிந்து கிடக்கும். நான் அதைப் பொறுக்கி நிக்கர் பையில் அடைத்துக்கொள்வேன். இப்போது அந்தக் கடைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தைப்பது பெண்கள் வேலை என்று யாராவது சொன்னால், எனக்கு அந்தத் தையல்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

"நம்ம வீட்டுல ஏன் குயில்ட் இல்ல?"

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளை சான் ஹோசேக்கு அழைத்துப் போனேன். அங்கே குயில்ட்டுக்கும் துணிக் கலைக்கும் என்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1977-ல் தொடங்கியது. குயில்ட் தைக்கும் பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். திரும்பி வரும்போது காரில் மகள் கேட்டாள்:

"அப்பா, நம்ம வீட்டுல ஏன் குயில்ட் இல்ல?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் பையை இறக்கினேன்.

குயில்ட் என்றால் வெறும் ஒட்டுப் போட்ட துணி இல்லை. அதில் மூன்று அடுக்கு உண்டு. மேலே, துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி. நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. கடையில் 'பேட்டிங்' என்று கேட்டால் கொடுப்பார்கள். கிரிக்கெட் பேட்டிங் இல்லை! அடியில் ஒரே துணி. இந்த மூன்றும் நகராமல் இருக்க, மூன்றையும் சேர்த்து மேலிருந்து கீழே வரை தைக்க வேண்டும். அந்தத் தையல் இருந்தால்தான் அது குயில்ட்.

நம் நாட்டில் இது இல்லை என்று நினைக்காதீர்கள். வங்காளத்தில் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டத் தையல் போட்டுப் போர்வை செய்வார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். தைக்கும் நூலைக்கூடப் பழைய சேலையின் கரையிலிருந்து உருவி எடுப்பார்களாம். கர்நாடகாவில் சித்தி என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தைக்கும் போர்வை கவந்தி. ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் மூலைகளில் துணியை மடித்துப் பூ மாதிரி வைப்பார்கள். பூ வைக்காவிட்டால் அந்தப் போர்வை முடிந்த கணக்கில் வராது!

வெட்டலாமா, கூடாதா?

முதலில் மதுரைக்கு வீடியோ கால் போட்டேன். அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

"என்னடா சொல்ற? அம்மா சேலைய வெட்டப் போறியா? அது என்ன, கரித்துணியா?"

"இல்ல அத்தை, போர்வை தைக்கத்தான்..."

"கத்திரி வெச்சா வெச்சதுதான். மறுபடி சேலையாகுமா?"

அத்தை சொன்னது சரிதான். நான் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் எதை அழித்தாலும் திரும்பக் கொண்டுவரலாம். துணியில் முடியாது. சேலைகளை மறுபடியும் பைக்குள் வைத்தேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பையை மேல்தட்டில் ஏற்றவிடவில்லை. "இங்கயே இருக்கட்டும்," என்று நாற்காலியில் வைத்தாள்.

அந்த வாரம்தான் மிசூரி பெட்வே என்பவரைப் பற்றிப் படித்தேன்.

அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடும். அங்கே இருப்பவர்கள் கறுப்பின மக்கள். அவர்களுடைய முன்னோர்கள் பெட்வே என்ற முதலாளியின் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக வேலை செய்தவர்கள். அதனால்தான் அந்த ஊரில் நிறையப் பேருக்குப் பெட்வே என்பது குடும்பப் பெயர். மர வீடுகள், பலகை இடுக்கு வழியாகக் குளிர்காற்று வரும். புதுத் துணி வாங்கக் காசு கிடையாது. கிழிந்த வேலை உடைகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போர்வை தைத்தார்கள். அழகுக்கு இல்லை, குளிருக்கு. ஆனால் அழகாகவும் இருந்தது! 2002-ல் டெக்சஸில், ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அந்தப் போர்வைகளை ஓவியம் மாதிரி சுவரில் மாட்டினார்கள். 2006-ல் அமெரிக்கத் தபால் தலையிலும் அவை வந்தன.

மிசூரி பெட்வே அந்த ஊர்க்காரர். அவருடைய கணவர் பல மாதம் நோயில் கிடந்து இறந்துபோனார். 1942-ல் மிசூரி கணவருடைய வேலை உடைகளை எல்லாம் எடுத்து, வெட்டி, ஒரு போர்வை தைத்தார். மகள் அர்லோன்சியாவும் கூட இருந்தார். அம்மா ஏன் அதைத் தைத்தார் என்பதைப் பல வருடம் கழித்து அவர்தான் சொன்னார்: அப்பாவை மறக்காமல் இருக்க, அன்போடு அதற்குள் படுத்துக்கொள்ள.

ஜீஸ் பெண்ட் போர்வைகளின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். உழைத்த பேன்ட்டின் முட்டி தேய்ந்து வெளுத்திருக்கும். பை இருந்த இடம் மட்டும் அடர் நீலமாக இருக்கும். பையைப் பிரித்தாலும் அது இருந்த இடம் தெரியும். மிசூரியின் போர்வை இப்போது வாஷிங்டனில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இதை நான் அத்தையிடம் சொன்னேன். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. வீடியோ நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார்:

"அந்தம்மா இப்ப இருக்காங்களா?"

"இல்ல அத்தை. போர்வை இருக்கு."

"ம்... சரி. பைய இந்தப் பக்கம் திருப்பு. எது எதுன்னு பார்க்கிறேன்."

ஒவ்வொன்றாகக் காட்டினேன். கத்தரிப்பூ நிறம்: "அம்மாவுக்கு இது ரேஷன் கடைக்குப் போற சேலை." மயில் கழுத்து நிறம்: "என் கல்யாணத்துக்கு முந்தின நாள் கட்டினது." வெங்காய நிறம், ராமர் பச்சை, எல்லாவற்றுக்கும் ஒரு கதை இருந்தது. அரக்கு நிறத்தைக் காட்டினேன். அது நான் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. "ம், நீ குடுத்தது," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கடைசியில் மாம்பழ மஞ்சள்.

"இதைத் தொடாத. உங்க அப்பா பொறந்தப்ப தாத்தா எடுத்துக் குடுத்தது. மத்ததை வெட்டிக்கோ."

ஐந்து சேலை கிடைத்தது.

கணக்கில் தப்பு

நான் மென்பொருள் எழுதுகிறவன். கணக்கு எனக்கு வரும் என்று நினைப்பு. மகளுடைய கட்டிலை அளந்தேன்: நீளம் 75 அங்குலம். 5 அங்குலச் சதுரம் என்றால், நீளத்துக்கு 15, அகலத்துக்கு 12. மொத்தம் 180 சதுரம். ஒரு சேலைக்கு 36. சரியாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

பழைய சேலை ரொம்ப மெல்லிசு. வெட்டும்போது வழுக்கிக்கொண்டு போனது. அத்தையைக் கேட்டேன். "சோறு வடிச்ச கஞ்சி போடு!" என்றார். கஞ்சித் தண்ணீரில் முக்கி, உலர்த்தி, இஸ்திரி போட்டதும் துணி காகிதம் மாதிரி விறைப்பாக நின்றது. மயில் கழுத்துச் சேலையை விரித்து, கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் வெட்டை மகள்தான் வெட்டினாள்.

நண்பரின் அம்மாவிடம் தையல் மெஷினை இரவல் வாங்கி 180 சதுரத்தையும் சேர்த்தோம். முடித்துப் பார்த்தால் நீளம் குறைகிறது! எங்கே போனது? தையலுக்குள் போய்விட்டது. இரண்டு துணியைச் சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வொன்றின் ஓரத்திலும் கால் அங்குலம் உள்ளே மடிந்துவிடும். ஒரு சதுரத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அரை அங்குலம். அப்படியென்றால் 5 அங்குலச் சதுரம் தைத்த பிறகு நாலரை அங்குலம்தான். 15 × 4½ = 67½. கட்டில் 75! என் மகளின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

கோடுகளும் நேராக வரவில்லை. அதற்கு நான் கவலைப்படவில்லை. நம் பக்கத்து ஊரான ரிச்மண்டில் ரோசி லீ டாம்ப்கின்ஸ் என்று ஒருவர் இருந்தார். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. யாரும் தன்னைத் தேடி வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்று அந்தப் பெயரில் இருந்தார். அவர் தைத்த சதுரங்கள் ஒன்று பெரிது, ஒன்று சின்னது, ஒன்று சாய்ந்திருக்கும். அளவுகோல் வைத்தவர் மாதிரியே தெரியாது. அந்தப் போர்வைகளைத்தான் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகம் பத்திரமாக வைத்திருக்கிறது.

பிறகு பஞ்சு விரிப்பும் வெள்ளை அடித்துணியும் வைத்து, மூன்று அடுக்கையும் கையால் ஓட்டத் தையல் போட்டோம். இது மட்டும் மூன்று மாதம் ஆனது. எனக்கு ஊசி குத்தாத விரல் இல்லை.

அரக்குச் சேலை

முடித்த அன்றே வாஷிங் மெஷினில் போட்டேன். அவசரக்காரன்! வெளியே எடுத்தபோது வெள்ளை அடித்துணியில் அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டு. அரக்குச் சதுரம் இருந்த இடத்திலெல்லாம் சாயம் இறங்கியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தையைக் கூப்பிட்டேன்.

"சுங்குடி முதல் தண்ணியில சாயம் விடும்னு மதுரையில சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமேடா! தனியா உப்புத் தண்ணியில ஊற வெச்சு அலசியிருக்கணும்."

"மத்த நாலு சேலையும் சாயம் விடலையே, அத்தை?"

"அதெல்லாம் எத்தனையோ தடவை துவைச்சது. இது துவைக்காதது."

"ஏன் துவைக்கல?"

"கட்டினாத்தானே துவைக்கிறதுக்கு? பேரன் வாங்கிக் குடுத்தது, நல்ல நாளைக்குக் கட்டுறேன், நல்ல நாளைக்குக் கட்டுறேன்னு மடிச்சே வெச்சிருந்தாங்க. அன்னைக்கே சொல்லலாம்னு பார்த்தேன். நீ வருத்தப்படுவியேன்னு விட்டுட்டேன்."

கறை எடுக்கும் மருந்து வாங்கக் கடைக்குக் கிளம்பி, ஷூகூடப் போட்டிருந்தேன். கழற்றி வைத்துவிட்டேன். அந்தச் சிவப்புத் திட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. என் மகள் தினமும் அந்தப் போர்வையைத்தான் போர்த்திக்கொள்கிறாள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மிச்சத் துணியில் அத்தைக்கு ஒரு தலையணை உறை தைத்து அனுப்பினோம். "அதுல தலை வெச்சுப் படுக்க மனசு வரல. பீரோவுல வெச்சிருக்கேன்," என்கிறார் அத்தை. அம்மாவைப் போலவே மகள்!

நீங்களும் தைக்கலாம்

பெரிய போர்வை வேண்டாம். பொம்மைக்கு ஒரு போர்வை போதும். இரண்டு பழைய பருத்திச் சட்டைகளை எடுங்கள். வெட்டுவதற்கு முன் வீட்டில் கேளுங்கள்! தண்ணீரில் தனித்தனியாக அலசுங்கள். சாயம் விட்டால், தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். துணி காய்ந்ததும் அட்டையில் 5 அங்குலச் சதுரம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு சட்டையிலும் இரண்டு சதுரம் வெட்டுங்கள்.

நூல் உங்கள் கை நீளத்துக்கு இருந்தால் போதும். அதற்குமேல் நீளமாக எடுத்தால் சிக்கு விழும். ஊசியில் கோத்து நுனியில் முடிச்சுப் போடுங்கள். இரண்டு வேறு நிறச் சதுரங்களை, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி ஓட்டத் தையல் போடுங்கள். ஊசி உள்ளே போய் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். மற்ற இரண்டையும் அப்படியே தைத்து, இரண்டு ஜோடியையும் நிறம் மாறி வரும்படி சேருங்கள். இப்போது நாலு கட்டம் இருக்கிறது. அதே அளவில் பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வெட்டி அடியில் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையுங்கள். ஓரத்தை மடித்துத் தைப்பதற்கு மட்டும் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். மறக்காமல் ஊசியை எண்ணி எடுத்து வையுங்கள். தரைவிரிப்பில் விழுந்த ஊசியைக் காலால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்!

சொல் விளையாட்டு

'தை' என்றால் பொங்கல் வரும் மாதம். 'தை' என்றால் ஊசியால் தைப்பதும்தான். எழுதும்போது 'தைத்தேன்', பேசும்போது 'தைச்சேன்'.

'நூல்' என்றால் ஊசியில் கோப்பது, புத்தகமும்கூட. நன்னூல் என்ற இலக்கணப் புத்தகத்தை எழுதிய பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சு என்கிறார். பஞ்சை நூற்றால் நூல். சொல்லைச் சேர்த்தால் நூல்.

'கரை' என்றால் ஆற்றின் ஓரம். சேலையின் ஓரமும் கரைதான். 'கறை' என்று எழுதினால் என்ன பொருள்? அரக்குச் சேலையைக் கேளுங்கள்.

பயிற்சி

1. அத்தை முதலில் ஏன் "வெட்டாதே" என்றார்? பிறகு ஏன் சம்மதித்தார்?

2. அரக்குச் சேலை மட்டும் ஏன் சாயம் விட்டது? மூன்று வாக்கியத்தில் எழுதுங்கள்.

3. 5 அங்குலச் சதுரம் ஆறு. ஒரே வரிசையாகத் தைத்து, ஓரத்தையும் மடித்துத் தைத்த பிறகு நீளம் எவ்வளவு?

4. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றுங்கள்: "அது துவைக்காதது. கட்டினாத்தானே துவைக்கிறதுக்கு?"

5. கரை, கறை: இரண்டு சொல்லையும் வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்கள்.

6. உங்கள் வீட்டில் யாரும் உடுத்தாத அந்தத் துணி யாருடையது? அது எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது? தாத்தா பாட்டிக்கு போன் செய்து கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன மாதிரியே, பேச்சுத் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் அந்தத் துணியையும் கொண்டுவாருங்கள். கத்தரிக்கோல் வேண்டாம்.